வக்கீல் பூச்சியும் ரசலையன் மருந்தும்

கருங்கலுக்கு மேற்கே உள்ள நாலைந்து ஊர்களில் பயறிலோ வெள்ளரியிலோ புழு விழுந்தால் முதலில் ஜெபிப்பார்கள். அடுத்து ரசலையனைக் கூப்பிடுவார்கள். மூன்றாவதாக ஒரு வழி இருப்பதாக அங்கே யாரும் நினைப்பதில்லை. அந்த மூன்றாவது வழியாக இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டு, கருங்கல் சந்தைப் பக்கம் நாராயணபெருமாள் என்பவர் நடத்தும் உரக்கடையில் சேர்ந்திருந்தேன். கொடுத்த கார்டில் என் பெயருக்குக் கீழே ‘ஃபீல்ட் அட்வைசர்’ என்று அச்சடித்திருந்தது. ரப்பர் பால் வெட்டும் என் அப்பா அதில் ஒன்றை வாங்கி வேதாகமத்துக்குள் வைத்துக்கொண்டார். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் எனக்குக் கிடைப்பது எதுவானாலும் அது பெரிய வேலைதான் என்பது அவர் நம்பிக்கை.

ரசலையன் மருந்தடிக்கிறவர். ஐம்பத்தைந்து வயது, ஒல்லி உடம்பு, பக்கவாட்டில் பார்த்தால் முதுகில் இருக்கும் டேங்க்தான் முதலில் தெரியும். சித்திரை வெயிலிலும் முழங்கால் வரை இறங்கும் சாம்பல் நிற மழைக்கோட்டுப் போட்டிருப்பார். தலையில் ஹெல்மெட், கண்ணில் வெல்டிங் கண்ணாடி, மூக்கிலும் வாயிலும் இரண்டு சுற்று ஈரத் துண்டு. வயலில் இறங்குமுன் விரலை நாக்கில் தொட்டு உயர்த்திப் பிடித்துக் காற்று எந்தத் திக்கு என்று பார்ப்பார். நான்கு மூலையிலும் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டுவார். “மூணு நாளைக்கு ஒரு மனுசன் உள்ள கேறப்படாது” என்று பொதுவாக அறிவிப்பார். ஆப்பரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்பவர்களைப் போல வயல்காரர்கள் தள்ளி நின்றுகொள்வார்கள்.

பிறகு மணம் வரும். எங்கள் பக்கத்தில் நல்லதற்கும் கெட்டதற்கும் மணம் என்றுதான் பேர். இது கெட்டதிலும் கெட்டது. ஒரு மருந்து நல்ல மருந்தா என்று கண்டுபிடிக்க அந்த ஊர்களில் ஒரே பரிசோதனைதான் உண்டு. அடித்த மறுநாள் அந்த வழியே போகிறவர் மூக்கைப் பொத்த வேண்டும். பொத்தாவிட்டால் அது மருந்தில்லை, அடித்தவருக்குக் கூலியும் இல்லை. ரசலையன் அடித்தால் மூன்று நாள் நிற்கும். சனிக்கிழமை அடித்தது ஞாயிறு ஆராதனை வரை வந்து, போதகர் வழக்கத்தைவிடச் சீக்கிரமாகப் பிரசங்கத்தை முடித்தால், அந்த வாரம் மருந்து நன்றாகப் பிடித்திருக்கிறது என்று சபையில் பேசிக்கொள்வார்கள். பிரசங்கம் சுருங்கியதில் சபைக்கு இருந்த சந்தோஷமும் அந்த மருந்தின் கணக்கில்தான் சேர்ந்தது.

கவலை நாராயணபெருமாளுக்கு. ரசலையன் எங்கள் கடையில் மருந்து வாங்கி மூன்று வருஷம் ஆகிவிட்டிருந்தது. அந்த ஊர்க்காரர்களும் வாங்குவதில்லை. தக்கலையில் வாங்குகிறாரா, வடசேரியில் வாங்குகிறாரா, கேரளத்திலிருந்து ஏதாவது சரக்கு வருகிறதா என்று முதலாளிக்குத் தெரிந்தாக வேண்டும்.

“நீ படிச்ச பிள்ளையில்லா. மோந்து பாத்தே என்ன மருந்துன்னு சொல்லீர மாட்டியா?” என்றார்.

மாட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. போனேன்.

இரண்டு மேடுகளுக்கு நடுவே கிடக்கும் பள்ளமான வயல்வெளியை ஏலா என்போம். ஒரு காலத்தில் நெல் விளைந்த ஏலாவில் இப்போது வாழையும் பயறும்தான். அதில் பெரிய பயறு விளை, அதாவது பயற்றுத் தோட்டம், ஜெபகுமாரி மாமியுடையது. சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர்; ஏலாவிலும் கிட்டத்தட்ட அதே பதவி. ரசலையனை மாதத்தில் நான்கு முறை கூப்பிடுகிற ஒரே ஆள். மாமி ஒரு மருந்தை ஒப்புக்கொண்டால் ஏலா முழுக்க ஒப்புக்கொள்ளும். ஒரு ஆளை மாமி வேண்டாமென்றால் அவர் கருங்கலுக்குக் கிழக்கேதான் வேலை தேட வேண்டும்.

சிவப்புத் துணி கட்டியிருந்த இரண்டாம் நாள், ஆள் இல்லாத நேரம் பார்த்து அந்த விளைக்குள் இறங்கினேன். இலையில் ஒட்டியிருக்கும் மருந்தைத் துடைத்தெடுக்கலாம் என்று பஞ்சு கொண்டுபோயிருந்தேன். ஒரு பயற்றங்காயில் பச்சைப்புழு ஒன்று துளை போட்டு, தலையை உள்ளே விட்டுப் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுத் தின்றுகொண்டிருந்தது. அதற்கு ஒரு விரற்கடை மேலே, காம்போடு காம்பாக, கறுப்புப் பூச்சி ஒன்று அசையாமல் நின்றது. ஒரு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நீண்டு மெலிந்த தலை, வயிற்றின் ஓரம் முழுக்கச் சிவப்புக் கரை, தலைக்கடியில் பேனாக்கத்தியைப் போல மடித்து வைத்த அலகு.

எனக்கு ஆளைத் தெரியும். பாடப்புத்தகத்தில் ரெடுவிட். தமிழில் எழுதுகிறவர்கள் கொலைகார நாவாய்ப்பூச்சி என்பார்கள். முதுகலை புராஜெக்டுக்காக இதில் நாற்பதைப் பாட்டிலில் வளர்த்தவள் நான். இரை போட மறந்த ஒரு விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது பதினொன்று மிச்சமிருந்தன; மற்றதை அந்தப் பதினொன்றும் தின்றுவிட்டிருந்தன. ‘தன்னினம் உண்ணல் காணப்பட்டது’ என்று ஆய்வேட்டில் எழுதினேன். அந்த வரிக்கு நல்ல மார்க் கிடைத்தது.

அது இறங்கியது. முன்னங்கால் இரண்டையும் புழுவின் மேல் மெதுவாக, தோளில் கை போடுவது போல, வைத்தது. அலகை நீட்டிக் கழுத்துக்குப் பின்னால் குத்தியது. புழு இரண்டு முறை சுருண்டு நிமிர்ந்தது. பிறகு சும்மா தொங்கியது. பூச்சி உள்ளே செலுத்தும் எச்சில் முதலில் நரம்பை அடக்கும், பிறகு உள்ளே இருப்பதையெல்லாம் கரைக்கும். அதற்கப்புறம் உறிஞ்சல்தான். ஒரு இடத்தில் வற்றினால் அலகை உருவி இன்னொரு இடத்தில் குத்தும். முக்கால் மணி நேரம் நின்று பார்த்தேன். கடைசியில் புழுவின் தோல் மட்டும், உறிஞ்சித் தீர்ந்த சிப்-அப் ஐஸின் பிளாஸ்டிக் கவரைப் போல, காயில் ஒட்டிக் கிடந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாரம் ஒருமுறை விஷம் அடிக்கிற விளையில் இந்தப் பூச்சி உயிரோடு இருக்கவே கூடாது. புழுவாவது சில நேரம் தப்பும், இது தப்பாது. சுற்றிலும் தேடினேன். மூன்று செடிக்கு ஒன்று நின்றது. இறகு முளைக்காத சிவப்புக் குஞ்சுகள் இருந்தன. ஒரு இலையின் அடியில் பழுப்பு முட்டைகள், சிறிய பீப்பாய்களை நிறுத்தி வைத்தது போல, வரிசையாக ஒட்டியிருந்தன. என் பட்டத்தால் எனக்குக் கிடைத்த ஒரே பிரயோஜனம் அன்று கிடைத்தது. மறுநாள் காலை ரசலையன் வீட்டு முற்றத்தில் போய் நின்றேன்.

“மாமா, நீங்க அடிக்கியது தண்ணியா?”

அவர் டேங்க் கழுவிக்கொண்டிருந்தார். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்த பிறகுதான் திரும்பினார்.

“தண்ணி மட்டும் இல்ல மக்களே” என்றார். “சாளைத் தலையும் உண்டு.”

வீட்டுக்குப் பின்னால் ஒரு நீல டிரம் இருந்தது. கடற்கரையிலிருந்து சந்தைக்கு மீன் கொண்டுவரும் சகாயசெல்வி, சாளையின் தலையையும் குடலையும் அவருக்கு எடுத்து வைப்பாராம். இவர் வீட்டில் பத்துப் பூனை வளர்ப்பதாக அந்த அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார். அதோடு கருப்பட்டி சேர்த்து இருபத்தைந்து நாள் மூடி வைத்தால், ஒரு டேங்க் தண்ணீரில் ஒரு டம்ளர் விட்டாலே போதகர் பிரசங்கத்தைச் சுருக்குகிற அளவுக்கு மணம் வரும். செடிக்கு உரம். பூச்சிக்கு ஒரு கெடுதலும் இல்லை. ஊருக்கு மருந்து.

அவர் கதையை அன்று முழுக்கச் சொல்லவில்லை. பிறகு பல நாட்களில் துண்டு துண்டாகக் கேட்டதைச் சேர்த்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் தோற்று, மஸ்கட்டுக்குப் போய், பெஸ்ட் கண்ட்ரோல் கம்பெனி ஒன்றில் பன்னிரண்டு வருஷம் கட்டிடம் கட்டிடமாகக் கரப்பானுக்கு மருந்தடித்தவர். அங்கே மூக்கு மூடியை மேற்பார்வையாளர் வரும் நாளில் மட்டும் கொடுப்பார்களாம். ஊருக்கு வந்தபோது கையில் ஒரு பெட்டியும் நெஞ்சில் இருமலும் இருந்தன. இங்கேயும் தெரிந்த வேலை அதுதான். இருபது வருஷம் உண்மையான மருந்தே அடித்தார். ஒருநாள் வயலிலேயே மூச்சு நின்று விழுந்தார். இனி ஒரு தடவை விஷம் மூக்கில் ஏறினால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருந்தடிக்க முடியாத மருந்துக்காரரை யார் கூப்பிடுவார்கள்? அவருக்கு வேறு வேலை தெரியாது. அடுத்த முறை கூப்பிட்டபோது டேங்கில் தண்ணீரை நிரப்பி, மணத்துக்கு மீன்சாற்றை விட்டு, ஒன்றுக்கு இரண்டாக உடுப்பு மாட்டிக்கொண்டு போனார். முதல் இரண்டு மாதம் புழு செழித்தது. “இது புது எனம், கேரளத்துலேந்து வந்தது, மூணு டோஸ் வேணும்” என்று சொல்லிச் சமாளித்தார். எப்போது கல்லெறிவார்களோ என்று பயந்து, மருந்து பிடிக்கிறதா பார்க்கிறேன் என்ற சாக்கில் தினமும் விளைக்குள் போய் உட்கார்ந்திருந்தார். அப்படி உட்கார்ந்திருந்த இடத்தில்தான் இந்தப் பூச்சி வந்து சேர்ந்ததைப் பார்த்தார். மூன்றாம் மாதம் புழு குறைந்தது. ரசலையன் மருந்து என்று ஊர் முழுக்கப் பேர் எழுந்தது.

அவர் அதற்கு வக்கீல் என்று பெயர் வைத்திருந்தார். அண்ணனோடு நாலு சென்ட் எல்லைக்காகப் பத்தொன்பது வருஷம் கோர்ட்டுக்கு நடந்த மனிதர்.

“பாரு, கறுத்த கோட்டு. ஓடாது, தொரத்தாது. நிக்கிய எடத்துல நிக்கும். கட்சிக்காரன் தானா வருவான். தோளுல பையக் கைய வச்சு, குத்துனா குத்துனது கட்சிக்காரனுக்கே தெரியாது. உள்ள உள்ளத எல்லாம் கரைச்சு உறிஞ்சீட்டுத் தோல மட்டும் விடும். வெளியேருந்து பாத்தா ஆளு அப்பிடியேதான் இருப்பான்” என்றார். சிவப்புக் குஞ்சுகள் ஜூனியர்கள். ஐந்து முறை சட்டை உரித்த பிறகுதான் கோட்டு கிடைக்கும். இரண்டு வாரம் கட்சிக்காரன் வராவிட்டாலும் பட்டினி கிடக்கும்; அதற்கு மேல் போனால் ஜூனியரைத் தின்னும். நான் பாட்டிலில் ஏழு மாதம் வளர்த்து எழுதியதற்கும் அவர் வரப்பில் உட்கார்ந்து சொன்னதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மேற்கோள் பட்டியல் மட்டும் அவரிடம் கிடையாது.

சுவர் மூலையில் இன்னொரு சாதியைக் காட்டினார். முதலில் தூசி உருண்டை ஒன்று நகர்வதாகத்தான் நினைத்தேன். குனிந்து பார்த்தால், ஒரு குஞ்சு தான் தின்ற எறும்புகளின் கூடுகளை மண்ணோடு சேர்த்து முதுகில் ஒட்டிக்கொண்டு நடந்தது. பல்லி பார்த்தால் குப்பை என்று விட்டுவிடுமாம். கம்பை வைத்து லேசாகத் தட்டினார். மூட்டை கழன்று விழுந்ததும் கீழே இருந்தது மெலிந்த, ஒன்றுமில்லாத சின்னப் பூச்சி. ஆணியில் தொங்கிய மழைக்கோட்டை நான் பார்க்கவில்லை. இருபத்து மூன்று சான்றிதழ்கள் அடங்கிய என் ஃபைல்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

“முதலாளிட்ட என்ன சொல்லுவ?” என்று கேட்டார். “தண்ணின்னு தெரிஞ்சா எனக்க சோத்துல மண்ணு. அவ்வளவுதான்.”

அவரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. படித்தவர்கள் இந்த இடத்தில் செய்வதைச் செய்தேன், இரண்டையும் கலந்தேன். அவர் நம் கடையில் முன்பு வாங்கி வைத்த மருந்தையே மிக மிகக் குறைந்த அளவில், சரியான நேரம் பார்த்து அடிக்கிறார், அதனால்தான் பலன் என்று முதலாளியிடம் சொன்னேன். கெட்டிக்காரத்தனமான பதில் என்று பஸ்ஸில் வரும்போதே என்னை நான் மெச்சிக்கொண்டிருந்தேன்.

நாராயணபெருமாள் அதைக் கேட்டு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். குறைந்த அளவில் நிறைந்த பலன் என்பது கடைக்கு அப்போதுதான் வந்திருந்த ஒரு புதிய மருந்தின் விளம்பர வாசகம். ஒரு டேங்குக்கு ஒரு மூடி. அதை அறிமுகப்படுத்த ஊருக்கு ஊர் நம்புகிற முகம் ஒன்றைத்தான் அவர் தேடிக்கொண்டிருந்தார். ஒரே வாரத்தில் ஃபிளெக்ஸ் அடித்துவிட்டார்கள். ‘சிறந்த தெளிப்பாளர் ரசலையன்’. பாராட்டு விழா சனிக்கிழமை, ஜெபகுமாரி மாமியின் விளையில். பொன்னாடை, பிரியாணி, முடிவில் ரசலையன் தன் கையாலேயே புதிய மருந்தை ஏலா முழுக்க அடித்துக் காட்டுவார். ஃபிளெக்ஸில் வெல்டிங் கண்ணாடியோடு இருந்த அவர் முகம் யாருடையதாகவும் இருக்கலாம்.

நான் போய்ச் சொன்னபோது அவர் சத்தம் போடவில்லை. “நீ எனக்கு நல்லதுதான் செய்ய நெனச்ச” என்றார். அதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம். புது மருந்தை அடித்தால் அவர் நெஞ்சு தாங்காது. வக்கீல்களும் ஒன்று விடாமல் சாகும். மூன்று வருஷமாகச் சேர்ந்த கூட்டம். அடிக்க மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். கேள்வி ஒன்றில் தொடங்கினால் டிரம் வரைக்கும் போய்த்தான் நிற்கும். அதற்குப் பிறகு கருங்கலுக்கு மேற்கே அவருக்கு வேலை இல்லை.

“மாமிட்ட உள்ளதச் சொல்லிருவோம்” என்றேன். “பூச்சியக் காட்டினா புரியும்.”

“சொன்னா நம்பமாட்டா” என்றார். “நம்புனா, பூச்சி சும்மாத்தானே வேல செய்யுது, ரசலையன் எதுக்குன்னு கேப்பா.”

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் உண்மையை விளக்கிச் சொன்னால் மனிதர்களுக்குப் புரியும் என்று ஐந்து வருஷம் கட்டணம் கட்டிப் படித்திருக்கிறேன்; அது அவ்வளவு லேசில் போகுமா? அவரைப் பற்றி வாயைத் திறக்காமல், பூச்சியின் நன்மையை மட்டும் சொல்லி அந்த விளையில் புதிய மருந்து வேண்டாமென்று மாமியையே சொல்ல வைத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். விழா நாள் காலையில், பந்தல் போட்டுக்கொண்டிருக்கும்போதே, ஜெபகுமாரி மாமியைச் செடிகளுக்கு நடுவே கூட்டிக்கொண்டு போனேன். நல்ல பெரிய வக்கீலாக ஒன்றைக் காட்டினேன்.

“மாமி, இது செடியத் தின்னாது. புழுவத்தான் தின்னும். இது நமக்கு நல்லது செய்யிய பூச்சி.”

மாமி கூர்ந்து பார்த்தார். ‘நல்லது செய்யும்’ என்ற சொல்லில் அவருக்கு ஒரு மதிப்பு உண்டு. நான் தடுப்பதற்குள், கோழிக்குஞ்சை எடுப்பது போல, இரண்டு விரலால் அதைத் தூக்கிவிட்டார். அது அலகின் நுனியை நெஞ்சுப் பள்ளத்தில் உரசி, ரம்பம் ஆணியில் பட்டது போல மெல்லியதாகக் கிரீச்சிட்டது. பூச்சி கொடுக்கும் எச்சரிக்கை அது. ஆய்வேட்டில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தேன். மாமி ஆய்வேட்டைப் படித்ததில்லை.

கடந்தைக் குளவி கொட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபக்கூட்டம் நடத்தக்கூடியவர் என்று பேரெடுத்த மாமி வரப்பில் உட்கார்ந்துவிட்டார். விரல் கண்ணெதிரே வீங்கியது. மஞ்சள் அரைத்துத் துணி சுற்றினோம். மாமி பேசியபோது விஷயம் தெளிவாக இருந்தது.

“ஏட்டி, இத்தன வீரியமுள்ள ஒரு சவத்த ரசலையண்ணனுக்க மருந்து கொல்லல்லியே? மூணு வருசமா நான் என்னத்துக்கு அடிச்சிட்டிருக்கேன்? வரட்டு உங்க புது மருந்து. ஒண்ணு பாக்கி இல்லாம சாவணும்.”

பந்தலில் மழைக்கோட்டோடு நின்ற ரசலையன் என் முகத்தைப் பார்த்தார். நடந்ததை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாமியின் விரலில் இருந்த துணிக்கட்டே எல்லாவற்றையும் சொல்லியது.

விழா நடந்தது. பொன்னாடையை மழைக்கோட்டின் மேலேயே போர்த்தினார்கள். நாராயணபெருமாள் ரசலையனை விவசாயிகளின் காவல் தெய்வம் என்றார். கூட்டத்தில் முக்கால்வாசி சபைக்காரர்கள் என்பது நினைவுக்கு வந்து, காவல் தூதர் என்று திருத்தினார். கம்பெனியிலிருந்து கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் டை கட்டி வந்திருந்தார். நானே கூட்டிக் கழித்துச் செய்த பாவம் என்பதால் கடைசி வரிசையில் நின்றேன். முதலாளி தன் கையாலேயே வாளியில் தண்ணீர் நிறைத்து, ஒரு மூடி மருந்தை விட்டுக் கலக்கினார். கலங்கக்கூட இல்லை. காலி டேங்கோடு பக்கத்தில் நின்ற ரசலையன் துண்டை மூன்றாவது சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

டை கட்டியவர் மைக்கில் பெருமையாக முடித்தார். இந்த மருந்தின் மிகப் பெரிய சிறப்பு என்னவென்றால், இதற்கு வாசனையே கிடையாது. பக்கத்தில் நின்றே நீங்கள் சாப்பிடலாம்.

கைதட்டலுக்காக அவர் காத்திருந்தார்.

மாமி எழுந்து வந்தார். வாளியின் மேல் குனிந்து, கட்டுப்போட்ட விரலை எட்டப் பிடித்துக்கொண்டு, மோந்து பார்த்தார். நிமிர்ந்து இன்னொரு முறை மோந்தார். பிறகு பின்னால் இருந்தவர்களைப் பார்த்துக் கையசைத்தார். ஒவ்வொருவராக வந்தார்கள். பைக்கில் வந்தவர், வாழைத்தார் வெட்டிய அரிவாளோடு வந்தவர், பிரியாணி பரிமாற வந்தவர்கள், எல்லோரும் வரிசையில் நின்று ஒரு தடவை மூக்கைக் காட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனார்கள். அது மோந்து பார்க்கக் கூடாத சாமான் என்று நான் கத்தியது யார் காதிலும் விழவில்லை.

“இது பச்சத்தண்ணியில்லா?” என்றார் மாமி.

ரசலையனுக்கு இருமல் வந்துவிட்டது. துண்டுக்குள் அடக்கிக்கொண்டார்.

மருந்தின் வேலைக்கும் வாசனைக்கும் சம்பந்தமில்லை என்று டை கட்டியவர் விளக்கத் தொடங்கினார். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிழை இல்லை. அதனால் ஒரு பயனும் இருக்கவில்லை. மணமில்லாத மருந்து வந்து சாகச் சொன்னால் புழு எப்படிச் சாகும், அதற்குத் தெரிய வேண்டாமா என்று யாரோ கேட்டார்கள். மாமி இரண்டு பேரையும் கை காட்டி நிறுத்திவிட்டு ரசலையனிடம் திரும்பினார்.

“அண்ணே, நீங்க மோந்து சொல்லுங்க. நீங்க சொன்னா அடிப்போம்.”

ரசலையன் துண்டை அவிழ்க்கவில்லை. இரண்டடி தள்ளி நின்றே வாளியின் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவர் பொய் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். வேண்டியிருக்கவில்லை.

“எனக்கு ஒரு மணமும் கிட்டல்ல” என்றார்.

தீர்ப்பு வந்துவிட்டது. மணமில்லாத தண்ணீரை என் பயற்றில் விடக் கூடாது, கொண்டுபோங்கள் என்று மாமி சொல்லிவிட்டார். காலையில் கடித்த சவத்துக்கு அண்ணனுடைய பழைய மருந்தையே டபுள் டோஸாக, இப்போதே, எல்லோரும் பார்க்க அடிக்க வேண்டும் என்றும் சொன்னார். ரசலையன் வீட்டுக்கு ஆள் ஓடியது. கன்னாஸ் கேனில் மீன்சாறு வந்தது. மூடியைத் திறந்ததும் பந்தல் இரண்டாகப் பிரிந்தது. கோயம்புத்தூர்க்காரர் டையை மூக்கில் வைத்துக்கொண்டார். “இதில்லா மருந்து” என்று பின்னால் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

ரசலையன் விரலை நாக்கில் தொட்டுக் காற்றுப் பார்த்தார். நான்கு மூலைக்கும் சிவப்புத் துணி கட்டினார். பொன்னாடையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு விளைக்குள் இறங்கினார். பிரியாணியை மேற்குக் கரையில், காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

நாராயணபெருமாள் தோல்வியைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளும் வியாபாரி இல்லை. திங்கட்கிழமை காலை, இதே மருந்தை நல்ல நாற்றத்தோடு செய்து அனுப்ப முடியுமா என்று கம்பெனிக்குக் கேட்டு எழுதச் சொன்னார். எழுதிவிட்டேன். என் பைக்குள் இருக்கிறது, இன்னும் அனுப்பவில்லை. அனுப்பாமல் இருப்பது ஒரு செயலா, அல்லது என்னுடைய வழக்கமான நழுவலா என்று அந்தப் பையைத் திறக்கும்போதெல்லாம் தோன்றும்.

அடுத்த வாரம் ஜெபகுமாரி மாமி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். விரல் வற்றியிருந்தது. விளைக்குள் கூட்டிக்கொண்டு போய், ஒரு பயற்றங்காயில் ஒட்டிக் கிடந்த புழுவை நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எடையே இல்லை. வெறும் தோல். கழுத்துக்குப் பின்னால் ஊசிமுனை அளவு துளை.

“பாத்தியா மக்களே” என்றார். “டபுள் டோஸுல உள்ள உள்ளதெல்லாம் உருகிப் போச்சு. ரசலையண்ணன்ட்ட சொல்லீட்டேன், இனி எப்பவும் டபுள்தான். எனக்க மருமவ வீட்டு விளைக்கும் அவரத்தான் வரச் சொல்லியிருக்கேன். அந்தக் கடிச்ச சவத்தையும் இப்பக் காணல்ல.”

அவர் கையை ஊன்றியிருந்த கம்பில், அடுத்த இலையின் அடியில், அது நின்றது. கறுப்புக் கோட்டு, சிவப்புக் கரை. முன்னங்காலால் அலகைத் துடைத்துக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறந்தேன். மாமி காத்திருந்தார்.

“ஆமா மாமி” என்றேன். “கைய அந்தக் கம்புலேந்து கொஞ்சம் எடுங்க. மருந்து காஞ்சிருக்காது.”